எண்பத்து நான்கு நாட்கள்

ஹந்தானை என்ற பெயரைக் கேட்டதும் சிங்கள வாசகர்களுக்குக் காதல் நினைவுக்கு வரும். மலையின் அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும், 1969ஆம் ஆண்டில் சுகதபால செனரத் யாப்பா இயக்கிய 'ஹந்தானே கதாவ' என்ற திரைப்படமும் அதற்குக் காரணங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு ஹந்தானை என்றால் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே 2001இல் அவ்வாறு புதுவாழ்வு பெற்றது. மலையகத் தமிழருக்கு இந்தப் பெயர் தரும் நினைவுகள் லயமும் கொழுந்துக் கூடையும் பிரட்டுக்களமும்.

எனக்கோ கடந்த சில மாதங்களாக ஹந்தானை என்பது ஒரு பச்சைக் குழந்தையின் தூக்கமும் விழிப்புமாகவே இருந்து வருகின்றது. கண்டி வைத்தியசாலைப் பக்கமிருந்து மேலேறும் ஹந்தானை வீதியில், நகரம் முடிந்து தேயிலை தொடங்கும் ஓரிடத்தில் என் மகளின் வீடு உள்ளது. ஆசிரியையான அவள் ஆனி மாதத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். தலைப்பிள்ளை. ஓய்வு பெற்ற நானும் என் மனைவியும் மூட்டை முடிச்சுகளுடன் அங்கே போய்ச் சேர்ந்தோம். பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இரவுக் கடமை பார்த்தவன் என்பதால், நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட 'கடமை' எனக்கே ஒதுக்கப்பட்டது. பாலூட்டுவது தாயின் பணி. பால் குடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து, முதுகைத் தட்டி, ஏப்பம் வரும்வரை கூடத்தில் நடப்பது தாத்தாவின் பணி. அச்சுக்குப் போகும் பக்கத்தை நிறுத்தி வைத்துச் செய்திக்காகக் காத்திருந்த பொறுமை இந்த ஏப்பத்துக்காகக் காத்திருந்தபோது மிகவும் பயன்பட்டது.

பிள்ளை பிறந்த வீட்டின் முதலாவது பிரச்சினை, ஹந்தானையைப் பொறுத்தவரை, மூடுபனி. ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் மூட்டத்தில் பகல் முழுவதும் தூறல் விழும். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது துணிகளை நனைத்துவிடும் பிள்ளைக்கு முன்னால் கொடிக்கயிறு தோற்றுப்போகும். தோட்டங்களில் எங்கள் தாய்மார் செய்ததைப் போல அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி காயவைத்தோம். பிள்ளையின் துணியெல்லாம் புகை வாசம் வீசியது. என் மனைவிக்கு அது பிறந்த வீட்டு வாசம். மருமகனுக்கு அது பிள்ளையின் நுரையீரல் பற்றிய கவலை. ஒரு வாரத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டாவது பிரச்சினை, இரண்டு தலைமுறைகளின் வைத்தியம். சரக்கு அரைப்பது, பத்தியம் வைப்பது, தாய்க்கு வேது பிடிப்பது ஆகியவற்றில் என் மனைவியை யாரும் எதிர்க்கவில்லை. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் சண்டை வந்தது. தீர்ப்புச் சொல்ல வந்தவர் குடும்பநல மருத்துவிச்சி. முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை குடையுடனும் கைப்பையுடனும் அவர் வந்தார். தொப்புளைப் பார்த்தார், தாயின் மார்பைப் பார்த்தார், "ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்" என்று சிங்களம் கலந்த தமிழில் சொன்னார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, "நம்ம பிள்ளைகளெல்லாம் செத்தா போச்சு?" என்று என்னிடம் கேட்டார். ஆனால் சர்க்கரைத் தண்ணீர் பேச்சு அன்றோடு முடிந்தது.

இந்த மருத்துவிச்சி முறையைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே உண்டனர். உலகில் மிகச் சில நாடுகளே இந்த அளவை எட்டியிருக்கின்றன. வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

எங்கள் மருத்துவிச்சியின் பிரிவில் வீதியோரத்து வீடுகளும் உண்டு, மலைக்குப் பின்புறத்திலுள்ள ஒரு தோட்டத்தின் லயங்களும் உண்டு. பிரசவ விடுதியில் என் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் அந்த லயத்தைச் சேர்ந்தவர். கொழுந்து பறிப்பவர். இரண்டாவது பிரசவம், ஆண் குழந்தை. எங்கள் பிள்ளைக்கு ஒரு நாள் மூத்தவன். முதல் இரவில் என் மகளுக்குப் பால் கட்டாமல் அழுதபோது, தாதியை எதிர்பார்க்காமல் எழுந்து வந்து, பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டுமென்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து என் மகள் அவரை 'அக்கா' என்று அழைக்கிறாள். வயதில் அவர் இரண்டு ஆண்டுகள் இளையவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு பிள்ளைகளும் விடுதியை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரே காசநோய்த் தடுப்பூசியைப் பெற்றார்கள். இருவருக்கும் ஒரே சுகாதாரப் பதிவேடு வழங்கப்பட்டது. பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆண் பிள்ளைக்கு நீல அட்டை என்பது மட்டுமே வேறுபாடு. ஒரு ரூபாயும் செலவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ குறைகளை எழுதியவன் நான். இதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்த முதற்பயணம் பதிவாளரிடம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைக் கொண்டுபோக வேண்டிய அவசியம் உண்மையில் இல்லை. ஆனால் 'பேர் பதிய' பிள்ளையும் வரவேண்டும் என்று என் மனைவி பிடிவாதம் பிடித்தார். முச்சக்கரவண்டிச் சாரதி, வண்டியில் முட்டைகளை அடுக்கியிருப்பவரைப் போல ஹந்தானை வீதியின் வளைவுகளில் இறங்கினார்.

பத்திரத்தில் தமிழ் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். பத்திரிகைக்காரனின் பழக்கம் என்று மகள் சிரித்தாள். அதைவிடப் பழைய பழக்கம் அது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களிடம் தந்தை பிறந்த ஆதாரத்தையும் பாட்டன் பிறந்த ஆதாரத்தையும் கேட்டது. துண்டுக் காகிதம் இல்லாததால் நாடற்றவர்களானவர்கள் பல இலட்சம் பேர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கதை முற்றாக முடியவில்லை. ஆகவே மலையகத்து வீடுகளில் பிறப்புப் பத்திரத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்துவார்கள். அக்காவின் மகனுக்குத் தந்தையின் பெயரில் ஒரு எழுத்துப் பிழையாக விழுந்துவிட்டது. அதைத் திருத்துவதற்கு அவருடைய கணவர் மூன்று நாட்கள் வேலையை விட்டு அலைந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பிழையை அப்படியே விட்டுவிட அவர் துணியவில்லை என்பதே முக்கியம்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். ஐயர் கையில் கொடுத்த விபூதியைப் பிள்ளையின் நெற்றியில் பூசியபோது அவள் தும்மினாள். இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வீடு திரும்பும்வரை விவாதம் நடந்தது.

அதன் பின்னர் எசல பெரஹரா வந்தது. கண்டி நகரமே தலதா மாளிகையைச் சுற்றித் திரளும் காலம். ஒன்றரை மாதப் பிள்ளைக்குக் கூட்டமும் மேளச் சத்தமும் ஆகாது என்று நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். இரவில் பறைகளின் ஒலி பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்தது. ஆனால் அக்கா போனார். அவரும் மாமியாரும் மூத்த பிள்ளையும் பகலிலேயே போய் வீதியோரத்தில் பாய் விரித்து இடம் பிடித்து, இரவுவரை உட்கார்ந்திருந்தார்கள். கசையடிப்பவர்களும் தீப்பந்தக்காரர்களும் யானைகளும் கடந்துபோன அத்தனை நேரமும் சின்னவன் தாயின் சேலைக்குள் தூங்கினானாம். "எம்புட்டுச் சத்தத்துலயும் தூங்குவான் ஐயா, லயத்துல பொறந்த புள்ளதானே" என்றார். ஒரு சுவருக்கு அப்பால் வானொலி, இன்னொரு சுவருக்கு அப்பால் சண்டை என்று வளரும் பிள்ளைக்கு யானை எம்மாத்திரம்!

இரண்டு மாதம் முடிந்ததும் கிளினிக். ஐந்து நோய்களுக்கு எதிரான ஒற்றை ஊசி, போலியோ சொட்டு மருந்து, நிறுவை. கிளினிக்கின் தராசு ஒரு நாடகமேடை. பிள்ளையைக் கிடத்துகிறார்கள், முள் ஆடுகின்றது, தாயின் முகமும் கூடவே ஆடுகின்றது. பதிவேட்டில் வரையப்பட்ட பச்சைப் பட்டைக்குள் புள்ளி விழுந்தால் தாய் மூச்சு விடுகிறார். கொழுந்து பறிக்கும் பெண்கள் தராசை எளிதில் நம்பமாட்டார்கள். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோக்களைக் கழித்தே பழக்கப்பட்டவர்கள். அக்கா தன் மகனின் எடையை இரண்டாந்தடவை நிறுக்கச் சொன்னார். அதே எடைதான் வந்தது. "இங்கதான் ஒண்ணும் கழிக்கல" என்று அவர் சொன்னதும் வரிசையில் இருந்த தாய்மாரெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அன்று இரண்டு புள்ளிகளும் பச்சைப் பட்டைக்குள்தான் இருந்தன. அக்காவின் மகனுடைய புள்ளி எங்கள் பிள்ளையினுடையதைவிடச் சற்று மேலேயே இருந்தது.

புரட்டாதியில் வெயில் எட்டிப் பார்த்தபோது மகளுக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே போய் வருவோம் என்றாள். பஸ்ஸின் முன் ஆசனத்தில் இருந்த பள்ளிக்கூடப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். கண்டி வாவியைச் சுற்றி நடந்தோம். 1807இல் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த வாவி அது. பாதி தூரத்தில் பிள்ளை பசிக்கு அழத் தொடங்கினாள். இவ்வளவு அழகான நகரத்தில் ஒரு தாய் உட்கார்ந்து பாலூட்டுவதற்கு ஒதுக்கமான ஓரிடம் அந்தப் பக்கத்தில் எங்களுக்குத் தட்டுப்படவில்லை. ஒரு மரத்தடி வாங்கில் மகள் உட்கார, நான் குடையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழையும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. போவோர் வருவோர் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். 147 ஏக்கர் பூங்காவில் பிள்ளை பார்த்தது, தன் முகத்துக்கு நேர்மேலே ஆடிய ஒரு மூங்கில் இலையை மட்டுமே. அதையே கால்மணி நேரம் பார்த்தாள். பாலும் தூக்கமும் தவிர உலகில் வேறொன்று இருப்பதாக அவள் அறிந்துகொண்ட நாள் அதுவென்று நினைக்கிறேன்.

அந்தப் பயணத்துக்கு அக்காவையும் அழைக்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். தொலைபேசியில் கேட்டபோது, "திங்கட்கிழமையிலிருந்து பேர் போட்டாச்சு தங்கச்சி" என்று பதில் வந்தது. அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைக்கு மூன்று மாதம்கூட முழுதாக நிறையவில்லை.

இங்கேதான் இரண்டு பிள்ளைகளின் வழியும் பிரிகின்றது. இதுவரை அரசாங்கம் இருவருக்கும் ஒரே ஊசியையும் ஒரே பதிவேட்டையும் ஒரே மருத்துவிச்சியையும் கொடுத்தது. தாயின் நேரத்தை மட்டும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. அரச ஊழியரான என் மகளுக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை உண்டு. விரும்பினால் அதன் பின் 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், மேலும் 84 நாட்கள் சம்பளமின்றியும் எடுக்கலாம். அதாவது, மருத்துவிச்சி சொன்ன ஆறு மாதத்தை அவளால் நிறைவேற்ற முடியும்.

தோட்டத் தொழிலாளிக்கு உரியது 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அதன்படி 84 நாட்களுடன் கதை முடிகின்றது. பிரசவத்துக்கு முன் 14, பின் 70. 2018ஆம் ஆண்டில் திருத்தம் வரும்வரை மூன்றாவது பிள்ளைக்கு அதிலும் பாதியே. நன்மை கிடைக்க முந்திய ஓராண்டில் குறைந்தது 150 நாட்கள் வேலை செய்திருக்கவும் வேண்டும். நிறைமாதம் நெருங்கும்வரை வயிற்றுக்கு மேலே படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சட்டம் பாலூட்டும் தாயை மறந்துவிடவில்லை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுக்கச் சொல்கின்றது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லாவிட்டால் ஒருமணி. காகிதத்தில் நியாயமான கணக்கு. மலையில் அது எப்படி நடக்கின்றது என்பதை அக்கா சொன்னார். தொழிற்சாலைக்குப் பக்கத்து மலையில் கொழுந்து என்றால் ஐந்து நிமிடத்தில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். உச்சி மலையில் என்றால் இறங்கக் கால்மணி, ஏற இருபது நிமிடம். அரைமணி நடையிலேயே கரைந்துவிடும். நேரத்துக்குக் கூலி வெட்டமாட்டார்கள், ஆனால் பறிக்க வேண்டிய கிலோ குறையாது. குறைந்தால் அரைப்பேர். 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நாட்சம்பளம் உயர்ந்தபோது அதைப் பெரிய செய்தியாகப் போட்டோம். அந்தச் சம்பளத்தைப் பாதியாக்கும் கணக்கு செய்தியில் வருவதில்லை.

"பத்து மணியானா நெஞ்சு கட்டிக்கும் ஐயா. அவன் அழுவுறானோ என்னமோ, இங்க ரவிக்கையெல்லாம் நனைஞ்சிடும். படங்குச் சேலைய இழுத்து மறைச்சிக்கிட்டு எடுப்போம். எங்க நிரையில மூணு பேரு இப்பிடித்தான்."

பிள்ளைக்காம்பராக்களின் மீது எனக்குக் கோபமில்லை. நானும் அங்கே வளர்ந்தவன்தான். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய துணித் தொட்டில்கள், கொழுந்தெடுக்க முடியாத வயதில் ஆயாவாக்கப்பட்ட ஒரு கிழவி, கருப்பட்டித் தேநீர். இன்று பல இடங்களில் அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பயிற்சி பெற்ற பெண்களும், ஓடு பதித்த தரையும், விளையாட்டுப் பொருட்களும் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு நல்ல நிலையமாயினும் பால் சுரக்காது. மூன்று மாதப் பிள்ளைக்கு அங்கே கொடுக்கப்படுவது புட்டிப்பால்.

மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். வறுமை, தாயின் இரத்தச்சோகை, குடிநீர், நெருக்கடியான லயம் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் விடுமுறையின் தலையில் சுமத்த முடியாது. ஆயினும் கிளினிக்கில் பச்சைப் பட்டைக்குள் எங்கள் பிள்ளைக்கு மேலே நின்ற ஒரு புள்ளி, வரும் மாதங்களில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தாயின் நேரமும் தீர்மானிக்கின்றது.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிய எங்கள் உறவினர் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். இந்தியாவில் 2017ஆம் ஆண்டில் மகப்பேற்றுச் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுமுறை 26 வாரங்களாக்கப்பட்டது. தோட்டங்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. ஒரே பாட்டியின் வழிவந்த இரண்டு பேத்திகளில், கூடலூரில் கொழுந்தெடுப்பவளுக்கு ஆறு மாதம், கண்டியில் கொழுந்தெடுப்பவளுக்கு அதில் பாதி. நடைமுறையில் அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு அவளுக்கு ஒரு சட்டம் இருக்கின்றது.

ஆறு மாத விடுமுறை இங்கும் வரவேண்டும். அது வரும்வரை செய்யக்கூடிய சிறிய காரியங்கள் உண்டு. பாலூட்டும் தாய்மாரைப் பிள்ளைக்காம்பராவுக்கு அண்மித்த மலைகளில் நிறுத்தலாம். இடைவேளையை, தாய் பிள்ளையைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து கணக்கிடலாம். அந்த இரண்டு இடைவேளைகளுக்கும் ஈடாகக் கிலோவைக் குறைக்கலாம். இவற்றுக்குப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை. ஒரு துரையும் ஒரு தலைவரும் மேசையில் உட்கார்ந்தால் போதும். சம்பளப் பேச்சுவார்த்தைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன், செய்தியும் எழுதியிருக்கிறேன். தாய்ப்பால் என்ற சொல் அந்த மேசைகளில் என் காதில் விழுந்ததில்லை.

அக்கா தற்போதைக்குத் தன் வழியில் ஒரு தீர்வு கண்டிருக்கிறார். காலை பத்து மணிக்கு மாமியார் பிள்ளையைத் துவாயில் சுற்றி, கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் பாதி மலைவரை ஏறிவருகிறார். தாய் மேலிருந்து பாதிவழி இறங்குகிறார். நடுவில் ஒரு பாறை இருக்கின்றது. அதில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பிற்பகலிலும் அப்படியே. மழை நாட்களில் மாமியாரால் வர முடிவதில்லை. அந்தக் கிழவிக்கு அறுபத்தேழு வயது, முழங்காலில் வலி. ஐப்பசி மழை தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குள்ள அவனுக்கு நாலு மாசம் முடிஞ்சிரும் ஐயா" என்றார் அவர்.